பரமார்த்த குருவும் போலந்து டிராகனும்: தமிழ் படிக்க ஆரம்பிப்பவருக்கு என்ன கதை கொடுப்பது?

போன டிசம்பரில் அண்ணன் பையன் வார்சாவிலிருந்து மனைவியோடு வந்திருந்தான். அவள் போலந்துக்காரி. மந்தைவெளி வீட்டில் மூன்று வாரம் தங்கினார்கள். வந்த மூன்றாம் நாள் அவள் என்னிடம் கேட்டாள்: "அத்தை, எனக்கு கதை புஸ்தகம் வேணும். சின்னது. தமிழ்." அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஒரு வருஷமாக அவனிடம் கற்றுக்கொண்டு வருகிறாள். "எங்க மொழியில எழுத்து முப்பத்திரெண்டுதான் அத்தை" என்று நம்முடைய 247-ஐப் பார்த்துப் பெருமூச்சு விடுவாளே தவிர, விடுகிற ஆள் இல்லை. அண்ணிக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. மாமியாரோடு பேச வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே நோக்கம்.

வீடு நிறையப் புத்தகம் வைத்துக்கொண்டு இருபது வருஷமாக நாட்டார் கதைகளைப் பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பவள் நான். அவள் கையில் கொடுக்க ஒரு புத்தகம் கிடைக்கவில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

ஒரு டிராகனும் ஐந்து வேற்றுமையும்

அண்ணன் பையன் போலிஷ் கற்றுக்கொண்ட புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தான். வெளிநாட்டுக்காரர்கள் தொடக்க நிலையில் படிப்பதற்காகச் சுருக்கி எழுதிய போலந்துப் பழங்கதைகள். முதல் கதை கிராகோவ் நகரத்து வாவெல் குன்றின் அடியில் குகையில் இருந்த டிராகன். கிராக் என்ற அரசன் காலம். ஊர் ஆட்டையும் மாட்டையும் தின்று தீர்க்கிறது. வீரர்கள் போய்த் தோற்கிறார்கள். கடைசியில் ஸ்குபா என்ற செருப்புத் தைக்கிற பையன் ஆட்டுத்தோலில் கந்தகத்தை அடைத்துத் தைத்து குகை வாசலில் வைத்துவிடுகிறான். டிராகன் விழுங்குகிறது, வயிறு எரிகிறது, விஸ்துலா நதியைக் குடிக்கிறது, குடித்துக் குடித்து வெடிக்கிறது. இன்றைக்கும் வாவெல் அடிவாரத்தில் நெருப்பு உமிழும் டிராகன் சிலை நிற்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது கதையைவிட அதன் வேலைப்பாடு. போலிஷில் பெயர்ச்சொல் வேற்றுமைக்கு வேற்றுமை மாறும். டிராகன் 'ஸ்மோக்'. டிராகனை என்றால் 'ஸ்மோகா'. டிராகனுக்கு 'ஸ்மோகோவி'. டிராகனோடு 'ஸ்மோகியெம்'. இலக்கணப் புத்தகத்தில் இதை அட்டவணையாகப் பார்த்தால் தூக்கம் வரும். கதையில் டிராகன் வருகிறது, டிராகனைப் பார்க்கிறார்கள், டிராகனுக்கு ஆடு போடுகிறார்கள், டிராகனோடு சண்டை போடுகிறார்கள். ஒரே சொல் உருமாறி உருமாறி இரண்டு பக்கத்தில் பத்துப் பதினைந்து தடவை வந்துவிடுகிறது. தொடக்கக்காரருக்கு நாட்டார் கதை ஏன் பொருத்தம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். நாட்டார் கதையில் ஆள் குறைவு, சாமான் குறைவு, நடந்ததே மூன்று முறை நடக்கும்.

அந்தப் புத்தகத்திலும் குறை உண்டு. 13-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து லத்தீன் வரலாற்று நூலில் டிராகனைக் கொல்பவர்கள் அரசனின் இரண்டு மகன்கள். கொன்ற பிறகு ஒருவன் மற்றவனையும் கொன்றுவிடுகிறான். செருப்புத் தைப்பவன் பின்னால், 16-ஆம் நூற்றாண்டில்தான் கதைக்குள் வருகிறான். சுருக்கப் பதிப்பு இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஆனாலும் தொடக்கக்காரருக்கு எது தேவையோ அது இருக்கிறது: பக்கத்தடியில் அருஞ்சொல், ஒலிப்பதிவு, ஒவ்வொரு கதைக்கும் கடைசியில் நாலு கேள்வி.

"இதே மாதிரி தமிழ்ல அத்தை" என்றாள். வெட்கமாக இருந்தது. ஏனென்றால் இதே மாதிரி தமிழில் இருந்தது, அதுவும் முன்னூறு வருஷத்துக்கு முன்னாலேயே.

நம்முடைய முதல் 'தொடக்க வாசகர்'

பரமார்த்த குரு கதையை நாம் எல்லோரும் குழந்தைக் கதையாகத்தான் கேட்டிருக்கிறோம். கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர் (மெரினாவில் சிலையாக நிற்பவர்), 18-ஆம் நூற்றாண்டில் எழுதியது. அவர் பேச்சுத் தமிழுக்கு, அவர் சொல்லில் கொடுந்தமிழுக்கு, லத்தீனில் தனியாக ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. செந்தமிழுக்கு வேறோர் இலக்கணம். ஒரே மொழியைக் கற்க இரண்டு வாசல் வேண்டும் என்று புரிந்துகொண்டவர். இந்தக் கதையையும் தமிழ் கற்க வரும் பாதிரிமார் படித்துப் பழகுவதற்காக, லத்தீன் மொழிபெயர்ப்போடு அமைத்தார்.

கதை அச்சானது 1822-இல், லண்டனில். பதிப்பித்தவர் பெஞ்சமின் பாபிங்டன், சென்னையில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், முதல் கதைக்கு மட்டும் சொல் சொல்லாகப் பிரித்த இலக்கண விளக்கம். இப்போது எந்த மொழிப் பாடநூல்காரரும் இதற்குமேல் புதிதாக எதையும் சேர்த்துவிடவில்லை. (இந்தப் பாபிங்டன் பிற்பாடு மருத்துவம் படித்து, 1829-இல் தொண்டைக்குள்ளே பார்க்க ஒரு கண்ணாடிக் கருவி செய்தார். தமிழ் ழகரத்தோடு மல்லுக்கட்டியவர் அங்கே போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.)

குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்க வருகிறார்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா? கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறான் ஒருவன். 'சுர்' என்கிறது. விழித்திருக்கிறது! கடந்து அக்கரை போனதும் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருத்தரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஒப்பாரி. வழிப்போக்கன் ஒருவன் காசு வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு அடி கொடுத்து, அடிபட்டவன் பேரைச் சொல்லச் சொல்லி எண்ணிக் காட்டுகிறான். பிறகு குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்குவது, மாட்டின் நிழலுக்கு வாடகை, 'கீழே விழுந்ததை எல்லாம் எடு' என்று சொன்னதால் குதிரைச் சாணத்தையும் எடுப்பது, எடுக்க வேண்டியவற்றின் பட்டியலில் குரு பேர் இல்லாததால் பள்ளத்தில் விழுந்த குருவைத் தூக்காமல் நிற்பது.

மொழி கற்பவருக்கு எப்படி அமைந்திருக்கிறது பாருங்கள். முதல் கதையிலேயே எண்கள். பிறகு விலைபேச்சு. பிறகு உடுப்பு, சாமான் பட்டியல். ஐந்து சீடர் பேரும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஒரே பொருளுக்கு ஐந்து சொல், கதை முடிவதற்குள் மனப்பாடம். குரு, குருவை, குருவுக்கு, குருவோடு, குருவின் என்று வேற்றுமை உருபுகளும் அந்த 'ஸ்மோக்' மாதிரியே வந்து போகும்.

இன்னொன்று, இது சிரிப்புக் கதை. படித்தது புரிந்ததா என்று தனியாகப் பரீட்சை வைக்க வேண்டியதில்லை. சிரித்தால் புரிந்தது. எண்ணும் கதையை நான் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனபோது, மூன்றாவது சீடன் எண்ணும்போதே அவள் சிரித்துவிட்டாள். தங்கள் எண்ணிக்கை தெரியாத முட்டாள்களின் கதை ஐரோப்பாவிலும் ஊருக்கு ஊர் உண்டு. நம் பக்கம் வேதாந்தம் சொல்கிறவர்களும் இதையே 'பத்தாவது ஆள்' என்று சொல்லித் தன்னை மறந்தவனுக்கு உதாரணம் காட்டுவார்கள். கதை தெரிந்திருந்தால் மொழி பாதி தெரிந்த மாதிரி.

மிலேச்சன் என்றால் என்ன என்று கேட்டாள். அந்நியன், வெளியூரான் என்றேன். "அப்போ நான்தான் நாலாவது சீடன்" என்றாள். தன்னைப் போன்ற வெளிநாட்டுக்காரர்கள் படிக்கிற பாடத்தில் முட்டாள்களில் ஒருவனுக்கு அந்தப் பேரையே வைத்த பெஸ்கியை எனக்கு அன்றைக்குக் கூடுதலாகப் பிடித்துப் போயிற்று.

லஸ்ஸில் வாங்கிய புத்தகம்

1822 பதிப்பை அப்படியே கொடுக்க முடியாது. பழைய அச்சில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். எங்கே ஒரு சொல் முடிகிறது என்று தெரியாதவர் அகராதியில் எதைத் தேடுவார்? அதனால் லஸ்ஸில் ஒரு கடையில் சிறுவர் பதிப்பு ஒன்று வாங்கினேன். பதிப்பகத்தின் பேர் வேண்டாம். இப்படிப் பல இருக்கின்றன.

சொற்களைப் பிரித்திருந்தார்கள், எழுத்துப் பெரிது. அந்தமட்டும் சரி. மற்றது எல்லாம் கோளாறு.

முதல் கோளாறு பேச்சு. சீடர்களும் குருவும் மேடைத் தமிழில் பேசுகிறார்கள். குதிரை முட்டை விற்கிறவனிடம் சீடன் "இதன் விலை யாது?" என்கிறான். இவள் அதை நம்பி, மறுநாள் காலை மாட வீதியில் வெண்டைக்காய்க்காரம்மாவிடம் அப்படியே கேட்டுவிட்டாள். அந்தம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அறுபது ரூபா தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் தப்பில்லை, அன்பாகத்தான் சிரித்தார்கள். ஆனால் இவள் இரண்டு நாள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. வீட்டில் அண்ணியோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். புத்தகம் அவளுக்குக் கொடுத்தது வாயைத் திறக்கப் பயம்.

இரண்டாவது கோளாறு நீதி. ஒவ்வொரு கதை முடிவிலும் கட்டம் கட்டி ஒரு நீதி. குருவின் கதையில் நீதியே கிடையாது. முட்டாள்தனத்தை அதன் போக்கில் விட்டு வேடிக்கை பார்ப்பதுதான் அதன் குணம். நீதி சேர்த்தால் கடைசி வரி சிரிப்பில் முடிவதற்குப் பதிலாக வகுப்பறையில் முடிகிறது. மொழிக்கும் நஷ்டம்: நீதி வரியில் வருவது எல்லாம் 'அறிவின்மை', 'விவேகம்' மாதிரி கையால் தொட முடியாத சொற்கள். பூசணிக்காயும் முயலும் தெரிந்தவருக்கு அவை தெரியாது, தேவையும் இல்லை.

மூன்றாவதுதான் பெரிய கோளாறு. இதை 'எளிமை' என்று நினைத்துச் செய்கிறார்கள்.

எளிமை எது?

ஆங்கிலத்தில் எளிய நடை என்றால் சின்னச் சின்ன வாக்கியம். அந்த விதியைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பதிப்பின் நடையை என் வாக்கியத்தில் காட்டுகிறேன்: 'சீடன் ஆற்றங்கரைக்குப் போனான். அவன் குனிந்தான். அவன் கட்டையைத் தண்ணீரில் வைத்தான். அவன் பார்த்தான். அவன் பயந்தான். அவன் திரும்பி வந்தான்.'

இப்படி யார் கதை சொல்வார்கள்? எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டாள். 'சீடன் ஆத்தங்கரைக்குப் போய், குனிஞ்சு, கட்டையைத் தண்ணியில வெச்சுப் பாத்து, பயந்து திரும்பி வந்தான்.' இது நீளமான வாக்கியம். ஆனால் கற்பவருக்கு இதுதான் சுலபம். எண்ணிப் பாருங்கள். முதல் வடிவத்தில் ஆறு வினைமுற்று. சீடன் சீடர்கள் ஆனால் ஆறையும் மாற்ற வேண்டும்: போனார்கள், குனிந்தார்கள், வைத்தார்கள்... நான் என்றால் மறுபடி ஆறு. இரண்டாவது வடிவத்தில் கடைசி ஒன்றே ஒன்றுதான் மாறும். வந்தான், வந்தாங்க, வந்தேன். மற்றதெல்லாம் வினையெச்சம், யார் செய்தாலும் அதேதான். இந்த மொழி கதை சொல்லுவதற்கென்றே வைத்திருக்கிற வசதி இது. சுருக்கிக் கொடுக்கிறோம் என்று அதைத்தான் வெட்டி எறிகிறார்கள்.

அதோடு, வினையெச்சம்தான் எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவே இருக்கிற நல்ல பாலம். குனிந்து – குனிஞ்சு, வைத்து – வெச்சு, பார்த்து – பாத்து. நாலைந்து ஒலி மாற்றம் தெரிந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். ஒரு மாலை இந்த இரண்டு பட்டியலையும் எதிரெதிரே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் சமையலறையில் அண்ணியிடம் "அம்மா, நான் கடைக்குப் போய் பால் வாங்கி வந்து வெச்சேன்" என்றாள். அண்ணி திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஒரு வருஷம் பாடம் படித்ததில் வராத வாக்கியம் அது.

மற்ற புத்தகங்கள்

வேறு எதுவுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் வேறு ஆளுக்கு.

1812-இல் சென்னையில் எல்லிஸ் முயற்சியில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது, வெள்ளைக்கார இளம் உத்தியோகஸ்தர்களுக்கு இந்த ஊர் மொழிகளைச் சொல்லிக்கொடுக்க. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்கு அந்தப் பேர் வந்ததே அதனால்தான். அங்கே தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்தார், 1826-இல் அச்சு. தமிழ் உரைநடை வரலாற்றில் பெரிய புத்தகம். தொடக்கக்காரருக்கு அது மதில்சுவர். கதை நரியும் சிங்கமும்தான், நடையோ வித்துவான்கள் மெச்சுகிற நடை. நான்கு வருஷ இடைவெளியில் அச்சான இந்த இரண்டு கதைப் புத்தகங்களில், பிற்காலத்துப் பாடப்புத்தக உரைநடை முதலியார் வழியில் போனது. பெஸ்கியின் வழியில் போகவில்லை. என் கையில் இருக்கிற சிறுவர் பதிப்பின் 'யாது'வுக்கு மூலம் இங்கே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

கி. ராஜநாராயணனின் நாட்டுப்புறக் கதைகளைக் கொடுக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். கதை சொல்லும் தமிழுக்கு அதைவிட மேல் கிடையாது. ஆனால் கரிசல் வழக்குக்கு அவரே ஓர் அகராதி போட வேண்டியிருந்தது, மயிலாப்பூர்க்காரியான எனக்கே அது தேவைப்படுகிறது. அது மூன்றாம் வருஷத்துக்கு.

சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகாவின் இருமொழிப் படப் புத்தகங்கள் அழகானவை. தமிழ் பேசத் தெரிந்து எழுத்து தெரியாத பிள்ளைக்கு அவை அருமை. அடையாறில் பள்ளியில் பிரெஞ்சோ இந்தியோ எடுத்துப் படிக்கிற எத்தனையோ பிள்ளைகள் அப்படி இருக்கிறார்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் நிலை ஒன்று, இரண்டு என்று பிரித்து இலவசமாகவே தமிழ்க் கதைகள் கிடைக்கின்றன. அதுவும் வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த குழந்தையை மனதில் வைத்த ஏணி. அந்தக் குழந்தைக்குச் சொல் தெரியும், எழுத்து தெரியாது. இவளுக்கு எழுத்து தெரியும், சொல் தெரியாது. ஒரே புத்தகம் இரண்டு பேருக்கும் ஆகாது. ஆஷரும் அண்ணாமலையும் எழுதிய பேச்சுத் தமிழ்ப் பாடநூல் (2002) வெளிநாட்டவருக்கு நல்ல துணை. ஆனால் பாடநூல் பாடநூல்தான், கதைப் புத்தகத்தின் வேலையை அது செய்யாது.

ஓர் ஆட்சேபம்

பரமார்த்த குருவையே திரும்பப் பிடித்துக்கொள்வது சரியா? ஒரு பாதிரியார் நம் குரு–சீட மரபைக் கேலி செய்ய எழுதியது அல்லவா? இந்தச் சந்தேகம் பழையது. நான் அதைத் தள்ளிவிட மாட்டேன். குருவுக்குப் பரமார்த்தன் என்று பேர் வைத்ததில் குத்தல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் போலி குருவையும் மூட சீடனையும் கேலி செய்ய நமக்கு வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதே இல்லை. நம் ஊர்க் கதைகளில் அது நிறைய. பெஸ்கி கோத்திருக்கும் மணிகளில் பல இங்கேயும் புழங்கியவை, ஐரோப்பாவிலும் புழங்கியவை. முன்னுரையில் அரைப் பக்கம் இந்தச் சர்ச்சையைச் சொல்லிவிட்டுக் கதையைக் கொடுப்பதே நேர்மை. அந்த வெளிநாட்டுப் புத்தகம் இரண்டு இளவரசர்களை மறைத்தது போல மறைக்க வேண்டாம்.

கேட்பது இவ்வளவுதான்

சென்னையில் இத்தனை பதிப்பகம் இருக்கிறது. யாராவது ஒரு புத்தகம் போடட்டும். குருவின் எட்டுக் கதை. கதை நடை எளிய எழுத்துத் தமிழ், பேச்சு வருமிடம் பேசுகிற தமிழ். நம் நாவல்களில் நூறு வருஷமாகச் செய்துகொண்டிருப்பதுதானே? வினையெச்சச் சங்கிலியை அறுக்க வேண்டாம். புணர்ச்சி கொஞ்சம் தளர்த்தலாம். பக்கத்தடியில் சொற்பொருள், முதல் கதைக்கு மட்டும் பாபிங்டன் செய்த மாதிரி சொல் பிரித்து விளக்கம். யாராவது ஒரு பாட்டியை உட்கார வைத்து ஒலிப்பதிவு. நீதி வேண்டவே வேண்டாம்.

இது ஒரு போலந்து மருமகளுக்காக மட்டும் கேட்பதில்லை. நியூ ஜெர்சியிலும் சிங்கப்பூரிலும், ஏன், நம் தி. நகர் அடுக்ககங்களிலும், வீட்டுக்குள் வந்த வேற்றுமொழிக்காரர்கள் எத்தனை பேர். அவர்கள் தமிழ் படிக்க ஆசைப்படுகிற முதல் மாதத்தில் நாம் என்ன கொடுக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் இரண்டாம் மாதம் இருக்கிறது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, சாப்பாட்டுக்கு அப்புறம், அவள் எண்ணும் கதையை அண்ணிக்குச் சொன்னாள். தப்புத் தப்பாகத்தான். 'கொள்ளிக்கட்டை' வாயில் நுழையவில்லை, 'நெருப்புக் குச்சி' என்று சொல்லிவிட்டாள். 'எண்ணினான்' என்பது ஒவ்வொரு தடவையும் 'என்னினான்' ஆயிற்று. அண்ணிக்கு ஐம்பது வருஷமாகத் தெரிந்த கதை. ஆனாலும் "அப்புறம்?", "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் அவளுக்காகக் கையால் எழுதிக் கொடுத்த முதல் இரண்டு கதைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். முடிந்ததும் இங்கே போடுகிறேன். மூன்றாவது கதையை எழுதத் தொடங்கியதும் ஒரு சந்தேகம் வந்தது: 'வேண்டும்' என்பதைக் கதை நடையில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே சீடன் வாயில் 'வேணும்' என்று போட்டால் தொடக்கக்காரர் குழம்புவாரா, இல்லை இரண்டும் ஒன்று என்று பிடித்துக்கொள்வாரா? தமிழ் சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.